தொலைவில் ஒரு மேசை

என் அக்காள் மகள் வேலை செய்யும் வழக்கறிஞர் நிறுவனம் கோலாலம்பூரில் ஓர் உயரமான கட்டடத்தில் இருக்கிறது. அவள் உட்கார்ந்து வேலை செய்யும் மேசையோ கெடா மாநிலத்தின் யான் மாவட்டத்தில், என் அக்காள் வீட்டுச் சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் இருக்கிறது. சன்னலைத் திறந்தால் ஜெராய் மலை தெரியும். வாசலுக்கு வந்தால் நெல்வயல். இந்த இரண்டுக்கும் நடுவில் அமர்ந்துகொண்டு, அவள் தலைநகரத்து வழக்குகளுக்கான ஆவணங்களைத் தயாரிக்கிறாள்.

அவள் அந்த நிறுவனத்தில் குமாஸ்தா. முதல் மூன்று ஆண்டுகள் தலைநகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். பிறகு என் அக்காளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கவனித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விடுவதா, தாயைத் தனியே விடுவதா என்ற நிலை. வீட்டிலிருந்தே வேலை செய்ய அவள் அனுமதி கேட்டாள், கிடைத்தது. குடும்பமே மகிழ்ந்தது.

ஆனால், ஆறு மாதம் கழித்து நான் யானுக்குப் போயிருந்தபோது அவள் சொன்னாள்: "வேலையை விட்டுவிடலாம்போல இருக்கிறது, சின்னம்மா. வேலை கடினமாக இல்லை. ஆனால், நான் ஒருத்தி இருப்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை."

அவளுடைய அந்தச் சொற்கள்தாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டின. தொலைவிலிருந்து வேலை செய்ய ஒருவருக்கு அனுமதி கொடுப்பது வேறு. அவருக்குத் துணை நிற்பது வேறு. இன்று பல நிறுவனங்கள் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன.

இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டன. நீதிமன்றங்களும் வழக்கம்போல் இயங்க முடியவில்லை. ஆனால், நீதி காத்திருக்க முடியாதே! அதே ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விசாரணையை இயங்கலை வழியாக நடத்தியது; மக்கள் பார்க்கும்படி அதனை நேரலையாகவும் ஒளிபரப்பியது. தொலைத்தொடர்புத் தொழில்நுட்பத்தின் வழி விசாரணை நடத்த வகைசெய்து, நீதிமன்றங்கள் தொடர்பான சட்டங்களும் அவ்வாண்டே திருத்தப்பட்டன. கட்டுக்கட்டாகக் கோப்புகளைச் சுமந்துகொண்டு நீதிமன்றப் படியேறும் தொழில் என்று நாம் நினைத்திருந்த வழக்கறிஞர் தொழில், சில மாதங்களிலேயே வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. வெளிநாடுகளிலும் இதே நிலைதான். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட லிங்க்லேட்டர்ஸ் என்னும் பெரிய சட்ட நிறுவனம், தன் ஊழியர்கள் வேலை நேரத்தில் 20 முதல் 50 விழுக்காடுவரை வெளியிலிருந்தே பணியாற்றலாம் என்று 2020ஆம் ஆண்டிலேயே அறிவித்தது.

நோய்த்தொற்று தணிந்த பிறகும் அந்த வாசல் மூடப்படவில்லை. 1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தன. அவற்றின்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை இடத்தையோ மாற்றித் தருமாறு ஓர் ஊழியர் தம் முதலாளிக்கு எழுத்துவழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துவழி பதில் தர வேண்டும். மறுத்தால் அதற்குரிய காரணத்தையும் குறிப்பிட வேண்டும். கேட்கும் உரிமையைச் சட்டம் தந்துவிட்டது. ஆனால், அனுமதி கிடைத்த மறுநாளிலிருந்து அந்த ஊழியரை எப்படி நடத்துவது என்பது நிறுவனத்தின் மனப்பான்மையைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

அலுவலகம் என்பது என்ன? நான்கு சுவர், நாற்காலி, மேசை, கணினி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அலுவலகம் தன்னுள் இருப்பவருக்கு யாரும் கேளாமலேயே பலவற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரமும் இணையமும் கிடைக்கின்றன. பூட்டி வைக்க அலமாரி இருக்கிறது. ஐயம் வந்தால் கேட்க அருகில் ஆள் இருக்கிறார். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நேரமும் இருக்கிறது. இவை இலைமறை காய்போல இருந்ததால் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஊழியர் வீட்டுக்குப் போனதும் இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. ஆகவே, அலுவலகம் தானாகத் தந்துகொண்டிருந்ததை இனி நிறுவனம் திட்டமிட்டுத் தர வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது, கருவிகளும் செலவும். என் அக்காள் மகள் தொடக்கத்தில் தன் சொந்த மடிக்கணினியையே பயன்படுத்தினாள். இணையக் கட்டணமும் அவளுடையதே. மலையடிவாரத்தில் மழை வலுத்தால் இணைப்பு அறுந்துபோகும். உடனே திறன்பேசியில் கூடுதல் தரவு வாங்கிச் சமாளிப்பாள். மாதத்திற்கு இவ்வளவு என்று பார்த்தால் சிறு தொகைதான். ஆனால், நிறுவனத்தின் வேலைக்கு ஊழியர் தம் பணத்தைச் செலவிடுவது எந்த வகையில் நியாயம்? போர்த்துகல் நாட்டில் 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடப்புக்கு வந்த சட்டம் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி. அச்சட்டத்தின்படி, தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கான கருவிகளுக்கு நிறுவனமே பொறுப்பு. வேலையால் கூடும் மின்சார, இணையச் செலவையும் அதுவே ஏற்க வேண்டும். நம் நாட்டில் அப்படியொரு கட்டாயம் இல்லாவிட்டாலும், மனசாட்சியுள்ள நிறுவனம் அதைத் தானே செய்யலாம் அல்லவா?

இணைய வசதி எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டுவதில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 2020ஆம் ஆண்டில் சபா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மீது ஏறி அமர்ந்த காணொலி நாட்டையே அதிர வைத்தது. "வீட்டிலிருந்தே வேலை செய்" என்று ஒரு கட்டளையைப் பிறப்பிப்பது எளிது. அந்த வீடு எங்கே இருக்கிறது, அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்பதுதான் துணை நிற்பதன் முதல் படி.

இரண்டாவது, இரகசியம். மற்ற தொழில்களைவிட வழக்கறிஞர் தொழிலில் இது முதன்மையானது. ஒருவர் தம் மணமுறிவைப் பற்றியும் கடனைப் பற்றியும் சொத்துத் தகராற்றைப் பற்றியும் வழக்கறிஞரிடம் மனம்விட்டுப் பேசுகிறார் என்றால், அது வெளியே போகாது என்னும் நம்பிக்கையால்தான். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதை வழக்கறிஞர் அவருடைய ஒப்புதலின்றி வெளியிடலாகாது என்கிறது. அடுத்த பிரிவு அந்தக் கடமையை வழக்கறிஞரின் குமாஸ்தாக்களுக்கும் விரிக்கிறது. சட்டம் இவ்வளவு கறாராக இருக்க, அந்த இரகசியம் இப்போது எங்கே இருக்கிறது? சமையலறையை ஒட்டிய அறையில், கதவுகூடச் சரியாகச் சாத்தாத மேசைமீது இருக்கிறது.

இங்கே ஊழியரைக் குறை கூறுவதில் பயனில்லை. நம் வீடுகள் அப்படித்தான். ஒரே கூடத்தில் பாட்டி தொலைக்காட்சி பார்ப்பார். தம்பி பள்ளிப்பாடம் செய்வான். பக்கத்து வீட்டு அக்காள் கறிவேப்பிலை கேட்டு வந்து நிற்பார். ஆகவே, நிறுவனம்தான் வழி காட்ட வேண்டும். வேலைக்கென்று தனிக் கணினியைக் கொடுத்து, வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்று விதி வகுக்க வேண்டும். ஆவணங்களைப் புலனத்தில் அனுப்பும் பழக்கத்தைக் கைவிட்டு, நிறுவனத்தின் பாதுகாப்பான சேமிப்பகத்தில் மட்டுமே அவற்றைத் திறக்கச் செய்ய வேண்டும். பூட்டு வைத்த இழுப்பறை ஒன்றும் காதில் பொருத்தும் ஒலிவாங்கி ஒன்றும் வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. ஆனால், இவற்றைச் செய்யாமல் "இரகசியத்தைக் காப்பாற்று" என்று மட்டும் சொல்வது, குடையைக் கொடுக்காமல் நனையாதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, கேட்கும் வாய்ப்பு. இதுதான் என் அக்காள் மகளைத் துன்புறுத்தியது.

ஒருநாள் பிற்பகல் அவளுடைய வழக்கறிஞர், "அந்தக் கோப்பை இன்றே முடித்துவிடு" என்று ஒரு வரி அனுப்பியிருந்தார். அவளிடம் ஒரே பெயரில் இரு கட்சிக்காரர்களின் கோப்புகள் இருந்தன. எந்தக் கோப்பு என்று திருப்பிக் கேட்டாள். பதில் இல்லை. அவர் நீதிமன்றத்தில் இருந்திருக்கலாம். மீண்டும் கேட்டால் தொந்தரவு என்று நினைப்பாரோ என்று தயங்கினாள். அண்மையில் வந்த கோப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணி அதை முடித்து அனுப்பிவிட்டாள். இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அவர் கேட்டது மற்றொரு கோப்பை. அது கீழ்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்க்கும் மேல்முறையீட்டு அறிவிப்பு. தீர்ப்பு வந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் அதைப் பதிவுசெய்ய வேண்டும். அன்று பதின்மூன்றாம் நாள். அன்றிரவே அமர்ந்து ஆவணத்தைத் தயாரித்தாள். மறுநாள் காலையில் அது பதிவாயிற்று. ஒருநாள் தவறியிருந்தால், காலக்கெடுவை நீட்டித் தருமாறு கட்சிக்காரர் நீதிமன்றத்தை வேண்டி நிற்க நேர்ந்திருக்கும்; அந்த வேண்டுதல் ஏற்கப்படும் என்பதற்கு உறுதியும் இல்லை.

அவள் அலுவலகத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தலையை உயர்த்தி, பக்கத்து மேசைக்காரரிடம், "எந்தக் கோப்பைச் சொல்கிறார், அக்கா?" என்று கேட்டிருப்பாள். இரண்டு விநாடியில் பதில் கிடைத்திருக்கும். அருகில் இருக்கும்போது கேட்பது பேச்சு. தொலைவில் இருக்கும்போது அதே கேள்வி தொந்தரவாகத் தோன்றுகிறது. கேட்கக் கூசும் ஊழியர் ஊகிக்கத் தொடங்குகிறார். வழக்கறிஞர் தொழிலில் ஊகம் ஆபத்தானது.

கற்றுக்கொள்வதற்கும் இது பொருந்தும். மலேசியாவில் வழக்கறிஞராக விரும்பும் ஒருவர், ஒரு மூத்த வழக்கறிஞரின்கீழ் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டம். சட்டநூல்களைப் படித்துப் பட்டம் பெற்ற பிறகும் எதற்காக இந்தப் பயிற்சி? மூத்தவர் கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுகிறார், கோபப்படுபவரை எப்படி அமைதிப்படுத்துகிறார், எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க முடியும். எனவே, தொழிலுக்குப் புதியவர்களை முழுக்க முழுக்கத் தொலைவில் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. தொடக்கக் காலத்தில் அவர்கள் அலுவலகத்திற்கு வருவதே நல்லது. தொலைவில் இருக்கும் அனுபவசாலிகளையும் குறிப்பிட்ட இடைவெளியில் நேரில் சந்திக்க வேண்டும். மேற்சொன்ன போர்த்துகல் சட்டம் இதையும் வலியுறுத்துகிறது. ஊழியர் தனிமைப்பட்டுப் போகாமல் இருக்க, இரண்டு மாதத்திற்கு ஒருமுறையாவது மேலதிகாரியுடன் நேரடிச் சந்திப்பு நிகழ வேண்டும் என்கிறது அது.

அந்த இரவுக்குப் பிறகு நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர் அனைவரும் காலை முதல் மாலைவரை கணினிப் படக்கருவியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவள் அதைச் சொன்னபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது.

தாத்தா பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எல்லாரும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். அன்றைய கணக்கில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதே கேள்வி. முதல்நாள் இரவு அவர் பிள்ளைக்குக் காய்ச்சலா, வெட்டுக்கத்தி மழுங்கிவிட்டதா, ஒதுக்கப்பட்ட நிரை பள்ளத்தில் இருக்கிறதா என்று அந்த வரிசையில் யாரும் கேட்பதில்லை. முகத்தை எண்ணுவதும் மனிதரைக் கவனிப்பதும் ஒன்றல்ல என்பார் தாத்தா. நாள் முழுவதும் திறந்திருக்கும் படக்கருவியும் பிரட்டுதான். அது முகம் இருக்கிறதா என்று பார்க்கும், "எந்தக் கோப்பு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

அவளுக்குக் கை கொடுத்தவர் வேறொருவர். அந்த நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணிபுரியும் ஒரு மூத்த குமாஸ்தா அம்மையார், யாரும் சொல்லாமலேயே ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு அவளைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். "இன்றைக்கு என்ன வேலை? எதில் சந்தேகம்? அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது?" பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அன்றைய கோப்புகளின் பெயர், எண், காலக்கெடு மூன்றும் உறுதியாகிவிடும். அவள் வேலையை விடவில்லை. படக்கருவி ஆணையைச் சில வாரங்களில் நிறுவனமே கைவிட்டது. அம்மையாரின் அழைப்பு இன்னும் தொடர்கிறது. தொலைவிலிருந்து வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒருவரை நிறுவனமே பொறுப்பாக நியமிக்க வேண்டும். ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி மட்டும் இதை விட்டுவிடக் கூடாது. அந்த அம்மையார் நாளை ஓய்வு பெற்றுவிட்டால் என்ன ஆகும்?

நான்காவது, வேலை முடியும் நேரம். இதில் கெடா மாநிலத்தவருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கோலாலம்பூரில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கெடாவில் வெள்ளியும் சனியும். தலைநகர அலுவலகம் இயங்குவதால் என் அக்காள் மகள் வெள்ளிக்கிழமையும் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று பார்த்தால், அன்று கெடாவின் நீதிமன்றமும் நில அலுவலகமும் திறந்திருக்கின்றன. "நீ அங்கேதானே இருக்கிறாய், அலோர்ஸ்டாருக்கு ஓர் அழைப்பு விடுத்துக் கேட்டுவிடு" என்று செய்தி வரும். இப்படியாக அவளுக்கு மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அவள் எந்த நாள்காட்டியில் வாழ்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2023ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அதே திருத்தம், ஒரு வாரத்தின் வேலை நேர வரம்பை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். ஆனால், வீட்டில் அந்த மணியை யார் அடிப்பது? இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்குப் பதில் போடுவதும் வேலைதானே? பிரான்சு நாடு 2017ஆம் ஆண்டிலேயே, வேலை நேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஊழியர்களுடன் பேசி முடிவெடுக்குமாறு 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களைப் பணித்தது. ஆஸ்திரேலியாவில் இவ்வுரிமை 2024 ஆகஸ்டு மாதம் நடப்புக்கு வந்தது. காலக்கெடு நெருங்கும் வழக்கு இருந்தால் இரவில் அழைப்பது தவிர்க்க முடியாததுதான். அது விதிவிலக்காக இருக்கட்டும், வழக்கமாகிவிட வேண்டாம்.

மேலும், எதிர்பாராத இடர்களுக்கும் முன்னேற்பாடு வேண்டும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையிலிருந்து பெருக்கெடுத்த வெள்ளம் யான் வட்டாரத்தைத் தாக்கியதை இவ்வூர் மக்கள் மறக்க மாட்டார்கள். மரங்களும் பாறைகளும் உருண்டு வந்தன, வீடுகள் சேதமுற்றன, உயிர்களும் பறிபோயின. அப்படியொரு நாளில் இங்கிருக்கும் ஊழியர் ஆவணத்தை அனுப்ப முடியவில்லை என்றால், அந்த வேலையை உடனே எடுத்துச் செய்யத் தலைநகரில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அந்த ஊழியர் உயிருக்குப் பயந்து ஓடும் வேளையில், கோப்பைப் பற்றிக் கவலைப்படும் நிலைக்கு அவரை ஆளாக்கக் கூடாது.

இக்கருத்துகளுக்கு மறுப்புகளும் உள்ளன. அவற்றையும் நேர்மையாக நோக்க வேண்டும்.

"மூன்றே பேர் பணிபுரியும் சிறிய நிறுவனத்தால் இத்தனையையும் செய்ய முடியுமா?" என்று ஒரு வழக்கறிஞர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் சிறு பட்டணங்களில் கடைவீட்டு மாடியில் இயங்கும் வழக்கறிஞர் அலுவலகங்கள் பல அவ்வாறானவையே. ஆயினும், மேலே சொன்னவற்றுள் பணம் தேவைப்படுவன சிலவே. காலையில் பத்து நிமிடப் பேச்சுக்கு என்ன செலவு? "அந்தக் கோப்பு" என்று எழுதாமல், கோப்பின் எண்ணையும் காலக்கெடுவையும் எழுதுவதற்கு என்ன செலவு? பெரிய நிறுவனங்களைவிடச் சிறிய நிறுவனங்களே இவற்றை எளிதாகச் செய்ய முடியும்.

"எல்லா வேலையையும் வீட்டுக்குக் கொண்டு போக முடியாதே" என்பது மற்றொரு மறுப்பு. இதுவும் உண்மையே. சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் கையொப்பமிட ஆணையர் முன்னால் நேரில் நிற்க வேண்டும். நிலப்பட்டாவின் மூலப்படியை அலுவலகப் பெட்டகத்தில்தான் வைக்க வேண்டும். ஆவணங்களைச் சுமந்துகொண்டு நில அலுவலகத்திற்கும் வங்கிக்கும் அலைபவர், வீட்டில் இருந்துகொண்டு அலைய முடியாது. ஒருவர் வீட்டில் இருப்பதால் அவருடைய வேலைச்சுமை அலுவலகத்தில் இருப்பவர் தலையில் விழுந்தால், அது மனக்கசப்பை வளர்க்கும். ஆகவே, யார் எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே பிரித்துக் கொடுக்க வேண்டும். பதவி உயர்வின்போது, கண்முன் நிற்பவரை மட்டும் நினைத்துத் தொலைவில் இருப்பவரை மறப்பதும் தவறு. தொலைவில் இருப்பவருக்கு இரங்கி, நாள்தோறும் சாலை நெரிசலில் வந்து போகிறவரை மறப்பதும் தவறு.

ஊழியருக்கும் கடமைகள் உண்டு. நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. சொன்ன நேரத்தில் மேசைக்கு வருவதும், வேலை தடைப்பட்டால் உடனே தெரிவிப்பதும், புரியாததைப் புரியவில்லை என்று துணிந்து கேட்பதும் அவருடைய பொறுப்பு. "அன்றைக்கு மறுபடியும் கேட்டிருக்க வேண்டும், சின்னம்மா. தயங்கியது என் தவறுதான்" என்று என் அக்காள் மகளே ஒப்புக்கொண்டாள். இப்போது பதில் வராவிட்டால் அவள் தொலைபேசியை எடுத்துவிடுகிறாள்.

மாணவர்களே, வழக்கறிஞர் நிறுவனத்துச் சிக்கல் நமக்கெதற்கு என்று நீங்கள் எண்ணலாம். ஒரு காலத்தில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்குப் போனால்தான் முன்னேற்றம் என்று நம் குடும்பங்கள் நம்பின. யானிலும் குரூணிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் பிறந்த பிள்ளைகள் வேலை தேடிப் பினாங்கிற்கும் தலைநகருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். வீடுகளில் முதியோர் மட்டும் தங்கினர். இன்று முதன்முறையாக, ஊரைவிட்டுப் போகாமலேயே நல்ல வேலையில் இருக்கும் வாய்ப்பு சிலருக்காவது கிடைத்திருக்கிறது. துணை இல்லாமல் அந்த வாய்ப்பு நிலைக்காது. தனிமை தாங்காமல் ஒவ்வொருவராக வேலையை விட்டால், இது சரிப்படாது என்று நிறுவனங்களும் கதவை மூடிவிடும். அப்போது இழப்பு நமக்குத்தான்.

நாளை உங்களில் சிலர் தொலைவிலிருந்து வேலை செய்யக்கூடும். சிலர் அவர்களை வழிநடத்தும் பொறுப்பில் இருக்கக்கூடும். முதல்வகையினராக இருந்தால், கேட்கத் தயங்காதீர்கள். இரண்டாம் வகையினராக இருந்தால், திரையில் முகத்தைத் தேடுமுன், அந்த முகத்துக்குரியவரைக் காலையில் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் மீண்டும் யானுக்குப் போயிருந்தேன். அக்காள் இப்போது தடியில்லாமல் நடக்கிறார். அந்தச் சிறிய அறைக்குக் கதவு மாற்றியிருந்தார்கள். மேசையில் பூட்டு வைத்த இழுப்பறை ஒன்று புதிதாக இருந்தது. ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அவள் எடுத்து, "வணக்கம், அக்கா" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.